ஒரு சர்வரில் நாலு குடித்தனம்

எங்கள் தொழிலில் கெட்டுப்போன எந்திரத்தோடு மல்லுக்கட்டுவது எளிது. எல்லாம் நன்றாகவே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு படுத்துக்கிடக்கிற எந்திரத்தோடுதான் மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிக்கும்.

கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். பராமரிப்பு என்றால் என்ன என்று இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் தூசி அடைத்த ஃபேனைத் துடைப்பது, பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவது, பாஸ்வேர்டை மறந்தவரிடம் திட்டு வாங்குவது, புது பாஸ்வேர்டு வைத்துக் கொடுத்ததும் அது நீளமாக இருக்கிறது என்று மறுபடி திட்டு வாங்குவது. இதிலெல்லாம் எனக்குக் குழப்பம் கிடையாது. என்னைக் குழப்பியடித்தது ஒரே ஒரு சமாசாரம். அதற்குப் பெயர் லார்ஜ் பேஜ். அதைப் பற்றி விளக்கமாக எழுதியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பட்டதை மட்டும் சொல்கிறேன். என்னைப் போல் பட்டவர்கள் தலையாட்டிக்கொண்டே படியுங்கள், மற்றவர்கள் பரிதாபப்படுங்கள்.

நாலு குடித்தனம்

எட்டயபுரம் ரோட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். எங்கள் ஊரில் தீப்பெட்டி செய்கிற இடத்தையே ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அதன் முதலாளியை எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள், நானும்தான். அவரிடம் நாலு பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. பில் போட ஒன்று, சம்பளம் போட ஒன்று, கேமராப் பதிவுக்கு ஒன்று, இப்போது யாருமே விற்காத ஒரு பழைய ஸ்டாக் புரோகிராமுக்கு ஒன்று. நாலும் முறை வைத்துக்கொண்டு படுத்தன. நாலையும் தூக்கிவிட்டு ஒரே ஒரு நல்ல சர்வர் வாங்கலாம், அதற்குள்ளேயே நாலு விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

விர்ச்சுவல் மெஷின் என்றால் ஒரே வீட்டில் நாலு குடித்தனம் இருப்பது மாதிரி. ஒவ்வொரு குடியும் வீடு முழுக்கத் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். வீட்டுக்காரராகிய சர்வர்தான் இருக்கிற மெமரியை நாலு பேருக்கும் பங்கு வைத்துச் சமாளிப்பார். இப்படித்தான் அண்ணாச்சிக்கும் சொன்னேன். அவரோ தீப்பிடிக்கிற மருந்து ஒரு பக்கம், குச்சி ஒரு பக்கம், அடைத்த பெட்டி ஒரு பக்கம், நடுவில் இத்தனை அடி இடைவெளி என்று சட்டப்படி கட்டிவைத்துத் தொழில் செய்கிறவர். எதையும் ஒன்றாகச் சேர்ப்பது அவருக்கு ஆகவே ஆகாது. புது சர்வர் வந்து இறங்கியதும் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் குனிந்து பார்த்தார். அப்புறம் மெல்லக் கேட்டார்:

“தம்பி, ஒரு ரூம்ல தீப்பிடிச்சா அடுத்த ரூமுக்குப் போகக் கூடாதுல்லா, அப்படித்தான கெட்டியிருக்கீங்க?”

சுற்றுகிற வட்டம்

அங்கே பில் போடுகிறவள் ராஜேஸ்வரி. முதலில் அவள் பெட்டி அடைக்கிற ஷெட்டில்தான் வேலை பார்த்தாள். அந்தத் தூசியும் மருந்து வாடையும் ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுப்பு வந்துவிட்டது. ஷெட் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சாயங்கால வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்து, பில் போடுகிற நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த ஆபீஸில் தூசி இல்லாத வேலை அந்த ஒரு நாற்காலிதான். அதற்கு அப்புறம் அவளுக்கு இழுப்பு வரவில்லை.

பில் இல்லாமல் லாரி கேட்டைத் தாண்ட முடியாது. காலையில் பில் சட்டுச்சட்டென்று வரும். மூன்று மணிக்கு மேல், பண்டல் ஏற்றி லாரி வந்து நிற்கிற நேரம் பார்த்து, திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கும். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். பில் வாங்குகிற இடத்தில் பலகையில் வெட்டிய ஒரு பொந்து உண்டு. கை மட்டும்தான் நுழையும், ஆள் முகம் தெரியாது. லாரி டிரைவர் சண்முகவேல் அந்தப் பொந்து வழியாகத்தான் தினமும் அர்ச்சனை செய்வார். லாரி ஆபீஸ் அடைப்பதற்குள் சரக்கைச் சேர்க்க வேண்டிய அவசரம் அவருக்கு. இவள் பதில் பேசாமல் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தீப்பெட்டி நமுத்துவிடும், அதற்கு முன்னால் வடக்கே போக வேண்டிய லோடெல்லாம் போயாக வேண்டும் என்று அவருக்குக் கவலை. அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் அவர் கண்டுபிடித்த காரணம்தான் எனக்குப் பகீரென்றது.

“மிஷினு புதுசு, அப்ப ஆளுதான் மெதுவு. மழைக்குள்ள சரியாகலேன்னா சாத்தூர்லேர்ந்து ஒருத்தர் வாரேங்காரு, அவரை உக்கார வச்சுட்டு இந்தப் பிள்ளையைப் பழையபடி ஷெட்டுக்கே அனுப்பிருவேன், வேற எடம் எங்கிட்ட இல்ல.”

பறக்கும் சார்

பில் மென்பொருள் கொடுத்த கம்பெனி சென்னையில் இருக்கிறது. போன் போட்டால் கார்த்திக் என்று ஒருவர் பேசுவார். நல்ல பிள்ளை, எதற்கும் பதற மாட்டார். நான் வட்டம் சுற்றுகிற கதையைச் சொன்னதும், முழுக்கக் கேட்காமலேயே லார்ஜ் பேஜ் போடச் சொன்னார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். கம்ப்யூட்டர் தன் மெமரியைச் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டித்தான் கொடுக்கும். ஒரு பொட்டலம் நாலு கே.பி. எந்தப் பொட்டலம் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் தேடி எடுக்க வேண்டும். விர்ச்சுவல் மெஷின் என்றால் இந்தத் தேடல் இரட்டிப்பு: குடித்தனக்காரர் ஒரு தரம் தேடி, அப்புறம் வீட்டுக்காரர் ஒரு தரம் தேட வேண்டும். பில் டேட்டாபேஸோ பெரிய தீனிக்காரன். அவனுக்குப் பொட்டலம் பொட்டலமாகக் கொடுத்தால் தேடுவதிலேயே பொழுது போய்விடும். அதற்குப் பதிலாக இரண்டு எம்.பி. மூட்டையாகத் தூக்கிக் கொடுத்துவிட்டால் தேடுகிற வேலை குறையும். அந்த மூட்டைதான் லார்ஜ் பேஜ். “போட்டுடுங்க சார், பில்லு பறக்கும்” என்றார் கார்த்திக்.

அவர் சொன்னபடியே பில் மெஷினுக்குள் போய் மூட்டைக்கு ஏற்பாடு செய்தேன். எந்திரமும் சரி என்றது. வெற்றி என்று டீ குடித்துவிட்டு வந்தால் மூன்று மணிக்கு வட்டம் வந்துவிட்டது. கார்த்திக்கிடம் கேட்டேன். உள்ளே மட்டும் செய்தால் போதாது, கீழே சர்வரிலும் செய்ய வேண்டும் என்றார். குடித்தனக்காரர் மூட்டை வந்ததாக எண்ணிக்கொண்டிருக்கிறார், வீட்டுக்காரர் அடியில் பொட்டலத்தையே பிரித்துப் பிரித்து வைத்துக்கொண்டிருக்கிறார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றேன். “நீங்க அதைக் கேக்கலையே சார்” என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கேட்கத் தெரியாததைக் கேட்காமல் விட்டதற்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்ற என்னிடம் ராஜேஸ்வரி ஆறுதலாகச் சொன்னாள்:

“அண்ணே, நேத்து விட்டு விட்டுச் சுத்திச்சு, இன்னைக்கு நிக்காம நல்லா சுத்துது.”

அளந்து கொடுத்த மருந்து

சர்வரில் கை வைக்க வேண்டுமென்றால் நாலு மெஷினையும் நிறுத்தியாக வேண்டும். அதற்கு அண்ணாச்சியிடம் அனுமதி கேட்டேன். மூட்டை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. எதையும் ஒரு இடத்தில் மொத்தமாகக் குவிக்கக் கூடாது என்பது அவர் தொழிலில் பாலபாடம். மருந்து கூட அன்றன்றைக்கு வேண்டியதை அளந்து, அந்தந்த அறைக்குத் தனித்தனியாகத்தான் கொடுப்பார்கள். ஒரு அறை மருந்தை இன்னொரு அறைக்காரன் தொட்டால் வேலை போய்விடும். சர்வரிலும் அப்படியே செய்தால்தான் சம்மதம் என்றார். நாலு மெஷினுக்கும் அவரவர் மூட்டையை முன்கூட்டியே அளந்து ஒதுக்கிவிட வேண்டும், ஒருத்தர் பங்கை ஒருத்தர் தொடக் கூடாது. எனக்கும் அது நல்ல ஒழுங்காகத்தான் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் நிறுத்தி, அளந்து, ஒதுக்கி, மறுபடி ஓடவிட்டேன்.

திங்கட்கிழமை பில் மட்டுமல்ல, சம்பள மெஷினும் நொண்டியது. கேமராவில் ஆட்கள் விட்டு விட்டு நடந்தார்கள். கேட்டருகில் இருந்த வாட்ச்மேன் திடீரென்று ஷெட்டருகில் நின்றார். சர்வரைப் பார்த்தேன். மெமரி முழுக்கத் தீர்ந்துவிட்டது, எனக்கே மூச்சு விட இடமில்லை என்றது. உள்ளே ஒவ்வொரு மெஷினாகப் போய்ப் பார்த்தேன். கேமரா மெஷின் தனக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் காலி என்றது. ஸ்டாக் மெஷின் ஏறக்குறைய முழுக்கவே காலி என்றது. வீட்டுக்காரருக்குக் காலை நீட்ட இடமில்லை, குடித்தனக்காரர்கள் அறை அறையாகப் பூட்டி வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள். ஒதுக்கிய மூட்டையை யாரும் பயன்படுத்தாவிட்டாலும் அடுத்தவர் தொட முடியாது. அண்ணாச்சி கேட்டது அதைத்தானே, நான் செய்துகொடுத்ததும் அதைத்தானே.

சர்வர் நிறைந்திருக்கிறது என்கிறது, மெஷின்கள் காலி என்கின்றன, இரண்டில் எது பொய் என்று கார்த்திக்கைக் கேட்டேன். இரண்டுமே நிஜம் என்றார். எதுவும் ஓடவில்லையே என்றேன். கொஞ்ச நேரம் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

“அப்போ எல்லாம் கரெக்டாதான் சார் இருக்கு.”

இருக்கிறது, ஆனால் இல்லை

ஒதுக்கியதை எல்லாம் கலைத்தேன். கேமராவுக்கும் சம்பளத்துக்கும் ஸ்டாக்குக்கும் பழைய பொட்டலமே போதும், பில் மெஷினுக்கு மட்டும் மூட்டை கொடுப்போம் என்று முடிவு செய்தேன். இந்தத் தடவை சர்வரை நிறுத்தாமல், ஓட ஓடவே கேட்டுப் பார்த்தேன். காலி மெமரி தாராளமாக இருந்தது. ஆனால் மூட்டை கேட்டால் கேட்டதில் பாதிகூடத் தரவில்லை. மறுபடி கேட்டேன். இன்னும் ரெண்டு மூட்டை தந்துவிட்டு நின்றுகொண்டது. இருப்பு இருக்கிறது, ஆனால் கொடுக்க மாட்டேன் என்கிறது. மெமரி சிப் போய்விட்டதோ என்று பயந்து அதற்கும் சோதனை போட்டேன். சிப் கல்லு மாதிரி இருந்தது.

அப்புறம்தான் விஷயம் விளங்கிற்று. மூட்டை என்றால் இரண்டு எம்.பி.யும் அடுத்தடுத்து ஒரே துண்டாக இருக்க வேண்டும். சர்வர் ஓட ஓட, நாலு குடியும் அங்கங்கே பொட்டலத்தைப் போட்டு, எடுத்து, போட்டு, காலி இடமெல்லாம் துண்டு துண்டாகிவிட்டது. மொத்தமாகக் கூட்டினால் ஏராளம், ஒரே துண்டாகத் தேடினால் இல்லை. சர்வரை நிறுத்தி, மறுபடி எழுப்பி, யாரும் உள்ளே வந்து உட்காரும் முன்னாலேயே மூட்டையைப் பிடித்துவைத்தால்தான் உண்டு. இன்னொரு நாள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று அண்ணாச்சியிடம் போய் நின்றேன். போன ஞாயிற்றுக்கிழமை பட்டதே அவருக்குப் போதும். இந்த லோடு போகிறவரை நிறுத்தக் கூடாது என்றார். காலி இடம் துண்டு துண்டாகக் கிடக்கிறது என்று நான் சொன்னது மட்டும் அவருக்கு உடனே புரிந்துவிட்டது. முதல் தடவையாகச் சிரித்தார்.

“நாகலாபுரம் பக்கம் எனக்கும் நெலம் கெடக்கு தம்பி, அங்கன கொஞ்சம் இங்கன கொஞ்சமா, ஒரு ஷெட்டு கெட்ட எடம் இல்ல. அதுக்காவ ஊரையா காலி பண்ணச் சொல்ல முடியும்?”

முதலாளி உட்கார்ந்தார்

வட்டம் நின்றபாடில்லை. வானம் வேறு தெற்கே கறுக்க ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் அண்ணாச்சியிடம் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன், இது அந்தப் பிள்ளை குற்றம் இல்லை, எந்திரம்தான் நிற்கிறது, யார் உட்கார்ந்தாலும் இப்படித்தான் நிற்கும் என்று. அவர் ராஜேஸ்வரியை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி ஒரு பில் போட்டார். பட்டனைத் தட்டினார். பில் பளிச்சென்று வந்து விழுந்தது. இன்னொன்று போட்டார். அதுவும் வந்தது.

உங்களுக்குத் தெரியும், இந்தத் தொழிலில் இது தினசரி வரும் அவமானம். நாம் போகிறவரை மக்கர் பண்ணிய எந்திரம் நாம் போய் நின்றதும் சமத்தாகிவிடும். அதுகூடப் பரவாயில்லை, சிரித்துவிட்டு வந்துவிடலாம். இங்கே ஒருத்தியின் மூச்சு அல்லவா அதில் மாட்டிக்கொண்டிருக்கிறது. காலையில் ஓடும், மூன்று மணிக்கு மேல்தான் நிற்கும் என்று நான் சொன்னது எனக்கே சால்ஜாப்பு மாதிரி கேட்டது. ஏன் அப்படி என்று கேட்டிருந்தால் எனக்குப் பதிலும் தெரியாது. அண்ணாச்சி சாத்தூர்க்காரரைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார். மறுநாள் பார்த்தால் ராஜேஸ்வரி, ஷெட்டில் மூக்கை மூடிக் கட்டுகிற துணியைத் துவைத்து எடுத்துவந்து மேஜை மேல் மடித்து வைத்திருந்தாள். முந்தின நாள் அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்து போகும்போது சொன்னது வேறு காதிலேயே நின்றது:

“நான் போட்டா வருது, அவ போட்டா வரல. மிஷினுக்கு ஆளு தெரியுமோ?”

பஸ்ஸில் இடம் மாற்றுகிறவர்

சனிக்கிழமை மதியம் பில் மெஷினுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு, எந்தெந்த வேலை எவ்வளவு ஓடுகிறது என்று கண்கொட்டாமல் பார்த்தேன். மூன்று மணியை ஒட்டி, நான் ஓடவிடாத ஒரு வேலை எட்டிப் பார்த்தது. விசாரித்தால், அதுவும் லார்ஜ் பேஜ் சம்பந்தப்பட்டதுதான். நான் மாடாக உழைத்து மூட்டை ஒதுக்குவது ஒரு வழி. எந்திரம் தானாகவே பொட்டலங்களைச் சேர்த்து மூட்டையாக்கிக்கொள்வது இன்னொரு வழி. இந்த இரண்டாவது வழி முதல் நாளிலிருந்தே அதில் திறந்திருக்கிறது. யாரும் அதைத் தொடவும் இல்லை, எனக்கு யாரும் சொல்லவும் இல்லை.

அதில் ஒரு வில்லங்கம். காலையில் இடம் காலியாக இருப்பதால் மூட்டை தாராளமாகக் கிடைக்கிறது. மத்தியானம் ஆக ஆக, இடமெல்லாம் துண்டாகிவிடுகிறது. அப்போது ஒரு மூட்டை வேண்டுமென்றால், உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி நகர்த்தி இடம் சேர்க்க வேண்டும். குடும்பத்தோடு ஏறினவர்கள் சேர்ந்து உட்கார வேண்டும் என்பதற்காகப் பஸ்ஸில் இருக்கிற எல்லாரையும் கண்டக்டர் எழுப்பி இடம் மாற்றிக்கொண்டிருப்பது மாதிரி. அது முடிகிற வரைக்கும் பஸ் கிளம்பாது. அந்தப் பஸ் நிற்பதுதான் ராஜேஸ்வரி திரையில் சுற்றுகிற வட்டம் என்று எனக்குத் தோன்றியது. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருக்க மாட்டேன், ஆனால் தோன்றியது.

அதை அங்கேயே அணைத்திருக்கலாம். கை அந்தப் பொத்தான் வரை போய்விட்டது. அப்புறம் யோசித்தேன். இப்போது அணைத்துச் சரியாகிவிட்டால் அண்ணாச்சி என்ன நினைப்பார்? சாத்தூர்க்காரர் பெயரைச் சொன்னதும் இவள் பயந்துபோய் வேகமாகிவிட்டாள் என்பார். அடுத்த தடவை எது நின்றாலும் மறுபடி இவள் தலையில்தான் விடியும். எந்திரம் நிற்பதை அவர் கண்ணால் பார்த்தாக வேண்டும், அதுவும் லாரி நேரத்தில். இதைச் சொன்னதும் ராஜேஸ்வரி மடித்து வைத்த துணியை எடுத்து டிராயருக்குள் போட்டாள். இத்தனை நாளாக அந்த வட்டம் நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள், இப்போது அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“இன்னைக்கு ஒரு நாளு மட்டும் இது சரியாயிரக் கூடாதுண்ணே.”

பொந்துக்கு உள்ளே

அண்ணாச்சியின் அறைக்குப் போய், அன்றைக்குக் காலையில் போட்டது மாதிரி இன்றைக்குச் சாயங்காலமும் நாலு பில் போட்டுக் காட்டுங்கள், வந்துவிட்டால் நான் வாயைத் திறக்கவே மாட்டேன் என்றேன். அவருக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வெளியே சண்முகவேலின் லாரி பண்டல் ஏற்றி உறுமிக்கொண்டு நின்றது. முதல் பில் வந்துவிட்டது. எனக்குப் பக்கென்றது. ராஜேஸ்வரி சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டாள். அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இரண்டாவது பில்லுக்குப் பட்டனைத் தட்டினார். வட்டம் வந்தது.

வட்டம் சுற்றியது. அண்ணாச்சி பட்டனை மறுபடி தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். மவுஸைத் தூக்கி அடியில் பார்த்தார். சண்முகவேல் லாரியில் இருந்து இறங்கி வந்து, பொந்துக்குள் கையை விட்டுப் பலகையைத் தட்டினார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. “ஏட்டி, இன்னைக்கும் தூக்கமா? ஒன்னைய மறுபடி ஷெட்டுக்கே அனுப்புதாவளாம்லா, கேள்விப்பட்டேன். செய்யட்டும், ஒனக்கெல்லாம் எதுக்கு நாக்காலி?” என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அண்ணாச்சிக்கு முகம் காது வரைக்கும் சிவந்துபோயிற்று. பதில் சொல்ல வாயைத் திறந்தார். குரலைக் காட்டிவிட்டால் மரியாதை போய்விடுமே என்று நினைத்தாரோ என்னவோ, மூடிக்கொண்டார். பதில் பேசாமல் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பொந்து வழியாக இன்னும் கொஞ்சம் அர்ச்சனை வந்து விழுந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஒருவழியாக பில் வந்தது. அதை அவரே பொந்து வழியாக நீட்டினார். வெளியே சண்முகவேல் அந்தக் கையில் இருந்த மோதிரத்தைப் பார்த்திருக்க வேண்டும், பேச்சு பட்டென்று நின்றது. லாரி சத்தமில்லாமல் கிளம்பிப் போயிற்று. அண்ணாச்சி நாற்காலியில் இருந்தபடியே, தினமும் இவன் இப்படித்தான் பேசுவானா என்று ராஜேஸ்வரியிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“இன்னைக்குக் கொஞ்சம் மரியாதையாத்தான் பேசுனாவ மொதலாளி.”

எதனால் சரியாயிற்று

அன்று லாரி போனதுமே, நான் கேட்காமலேயே, ஞாயிற்றுக்கிழமை சர்வரை நிறுத்திக்கொள்ளச் சொன்னார். சாத்தூர்க்காரருக்கும் வர வேண்டாம் என்று போன் போனது. மறுநாள் எல்லாவற்றையும் நிறுத்தினேன். சர்வரை எழுப்பும்போதே பில் மெஷினுக்கு மட்டும் மூட்டையைப் பிடித்துவைத்தேன். பில் மெஷினுக்குள் டேட்டாபேஸுக்கும் அந்த மூட்டையைச் சரியாகக் காட்டிக்கொடுத்தேன். தானாக இடம் மாற்றுகிற அந்தக் கண்டக்டரையும் அணைத்தேன். போகிற போக்கில் ஃபேனில் இருந்த தூசியையும் துடைத்தேன்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு வட்டம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மழை பிடிக்கும் முன் லோடெல்லாம் போய்விட்டது. சண்முகவேல் பொந்தருகில் வந்தால் இப்போது முதலில் குனிந்து உள்ளே யார் என்று பார்க்கிறார், அப்புறம்தான் பேசுகிறார். ராஜேஸ்வரி நாற்காலியில்தான் இருக்கிறாள். மூக்குத்துணி திரையைத் துடைக்கப் பயன்படுகிறது.

கார்த்திக்கிடம் எதனால் சரியாயிற்று என்று கேட்டேன். மூட்டை கொடுத்ததால்தான், நான்தான் முதலிலேயே சொன்னேனே என்றார். தானாக மூட்டை கட்டுவதை அணைத்ததால்தான் என்பது என் கட்சி. சர்வரை நிறுத்தி எழுப்பியதே போதுமாக இருந்திருக்கலாம், தூசியாகக்கூட இருக்கலாம். ஒவ்வொன்றாகத் திரும்பக் கலைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் கலைத்துப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. அண்ணாச்சியும் ஒரு நாள் இதையே கேட்டார். எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டேன், எதனால் என்று எனக்கே தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

“எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலக்கிட்டு எதுன்னு தெரியலேங்கீங்களே தம்பி, எங்க தொழில்ல இப்படிக் கலக்கினா, சொல்லுததுக்கு ஆளு இருக்க மாட்டான்.”

எதனால் ஓடுகிறது என்று தெரியாத ஒரு எந்திரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் இப்போது அந்த ஆபீஸில் எனக்கு மாதாமாதம் சம்பளம்.